மயிற்பொறி முதல் ஜீனோ வரை

தமிழில் அறிவியல் புனைகதை உண்டா என்று வினவினால், இருவகை விடைகள் உடனே எழும். எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்பது ஒன்று. எல்லாம் மேனாட்டாரிடம் இரவல் பெற்றது என்பது மற்றொன்று. இரண்டும் நூல்களைப் படியாமலே சொல்லிவிடத் தக்க விடைகள். ஆதலின் இரண்டையும் ஒதுக்கிவைத்து, நூல்களையே வரிசையாக எடுத்துப் பார்க்க முற்படுகிறோம். பிறந்த மண்ணை விட்டு வந்து, உப்பலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நமக்கு இது வெறும் இலக்கிய வினா அன்று. நம் பிள்ளைகள் எதிர்காலத்தைப் பற்றி எம்மொழியில் கனவு காண்பார்கள் என்ற வினாவும் இதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் சீவக சிந்தாமணி. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சி செய்ய, மன்னன் சச்சந்தன் கருவுற்ற தன் தேவி விசயையை மயில் வடிவான பறக்கும் பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அப்பொறியை எப்பக்கம் திருகினால் எழும், எப்பக்கம் திருகினால் இறங்கும் என்பது தேவிக்கு முன்னரே கற்பிக்கப்பட்டது. பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். புறநானூற்றின் 27-ஆம் பாட்டும் ஓட்டுவான் இல்லாத விண்ணூர்தி ஒன்றைக் குறிப்பிடுகிறது.

இவற்றைக் காட்டி, பண்டைத் தமிழர் வானூர்தி செய்தனர் என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். அது திருத்தக்கதேவருக்குப் பெருமை சேர்ப்பது ஆகாது. அவர் செய்தது ஊர்தி அன்று, கற்பனை. அதிலும் ஒரு நுட்பம் காண்க. பொறி மந்திரத்தால் பறக்கவில்லை. கையால் திருகப் பறக்கிறது. கை தளர்ந்தால் விழுகிறது. கருவி ஒன்றைப் படைத்து, அதன் இயக்கத்தையும் எண்ணி, அது கைவிடும் கணத்தில் தனித்து நிற்கும் பெண்ணின் துயரையும் எண்ணினாரே, அங்கேதான் அறிவியல் புனைகதையின் விதை கிடக்கிறது. கருவியை மட்டும் காட்டுவது விளம்பரம். கருவியோடு மனிதன் படும் பாட்டைக் காட்டுவதே கதை. இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பின்வந்தவற்றை அளப்போம்.

மாயக்கதைக்கும் அறிவியல் புனைகதைக்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டு சொல்லிவிடுதல் நலம். மாயக்கதை, இது நடந்தது என்று சொல்லி நம்மை நம்ப வைக்கும். அறிவியல் புனைகதையோ, இது நடந்தால் என்னாகும் என்று கேட்டு நம்மைச் சிந்திக்க வைக்கும். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் முதல் வகை. இரண்டாம் வகை, மேலை நாட்டில் 1818-இல் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் என்னும் நாவலிலும், 1895-இல் எச். ஜி. வெல்ஸின் கால இயந்திரம் பற்றிய நாவலிலும் உருப்பெற்றது.

இவ்வகைக்குச் சென்னை நகரோடு தொடக்கத்திலேயே ஓர் உறவு ஏற்பட்டது என்பதைப் பலர் அறியார். வங்கத்துப் பெண்மணி ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில்தான் முதன்முதல் அச்சேறியது. ஆங்கிலத்தில் அமைந்த கதை அது. அதில் வரும் நாட்டில் பெண்கள் வெளியே ஆள்கின்றனர். ஆடவர் உள்ளே அடைபட்டிருக்கின்றனர். கதிரவனின் வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்துகின்றனர். வானத்தில் ஊர்தி செலுத்துகின்றனர். நூற்றாண்டுக்கு மேலாகியும் அக்கதையின் கேள்வி முனை மழுங்கவில்லை.

தமிழ் உரைநடையில் பாரதியாரின் ‘ஞானரதம்’ 1910-இல் நூலாயிற்று. மனத்தையே தேராக்கிப் பல உலகங்களைச் சுற்றிவரும் கதை அது. 1943-இல் புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதினார். சென்னைக்கு வந்த கடவுள் பிள்ளையவர்களின் வீட்டில் விருந்தாளியாகிறார். அவர் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரரும் ஆகிறார். மாயத்தை அரண்மனையிலிருந்து இறக்கி ஒண்டுக்குடித்தனத்தில் குடியேற்றிய பெருமை அவருக்கு உரியது. இவ்விரண்டும் மாயப்புனைவே எனினும், கேள்வி கேட்கும் துணிவைத் தமிழ்க் கதைக்குத் தந்தவை. பெ. நா. அப்புஸ்வாமி போன்ற அறிஞர்கள் அறிவியலை நல்ல தமிழில் எழுதலாம் என்று எழுதிக் காட்டியவர்கள். இவ்விரு வழிகளும் கூடும் சந்திக்குத் தமிழ் பின்னரே வந்து சேர்ந்தது.

தெலுங்கு மண்ணில் வாழும் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’ என ஒரே இதழை இருமொழிகளிலும் தொடங்கினர். இங்குள்ள அண்டை வீட்டாரும் நாமும் இளமையில் கண்ட வேதாளம் ஒன்றே. அதை வரைந்தவர் சங்கர் என்னும் தமிழ் ஓவியர். அவ்விருவரின் நிறுவனமே 1957-இல் ‘மாயாபஜார்’ படத்தையும் இரு மொழிகளிலும் தந்தது. அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. ஆயினும் உப்பலில் நாற்பது வயது கடந்த தெலுங்கரிடம் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்தைச் சொல்லிப் பாருங்கள். மொழி வேற்றுமை அக்கணமே மறைந்துபோகும்.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த வீரன் பிரிட்டனில் பிறந்தவன். தமிழ்ச் சிறுவர்களின் பள்ளிப் பைகளில் ஒளிந்து வளர்ந்தவன். ஆசிரியர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டனர். பின்னர் அவர்களும் படித்தனர்.

இவ்வளவுக்கும் பின்னர் வந்தவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ரங்கராஜன், அலுவலகக் கடமைக்கிடையே எழுதிக் குவித்தார் என்பதே நம் போன்ற அரசு ஊழியர்களுக்கு ஒரு பாடம். ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2021-ஆம் ஆண்டை நோக்கி எழுதப்பட்டது. ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் நாடு; பெயருக்கு இரண்டே எழுத்து; பிள்ளை பெறுவதற்கும் அனுமதி வேண்டும். அந்நாட்டில் மனிதரைவிட அதிகம் சிந்திப்பது ஜீனோ என்னும் இயந்திர நாய்.

2021 வந்தது, சென்றது. பெயர்கள் சுருங்கவில்லை. ஆயினும் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம் ஒன்றைக் காண்கிறோம். முன்பு மனுவில் பெயர் முதலில் வரும், எண் பின்னர் வரும். இன்று எண் முதலில் வருகிறது. எதிரே நிற்கும் முதியவரின் முகத்தைப் பாராமல் திரையில் அவருடைய எண்ணைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. சுஜாதா ஆண்டைக் கணித்ததில் தவறியிருக்கலாம். திசையைக் கணித்ததில் தவறவில்லை. அறிவியல் புனைகதை சோதிடம் அன்று. அது பலிக்க வேண்டியதில்லை, எச்சரித்தால் போதும்.

குறையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அறிவியல் சிறுகதைகள் பலவும் கடைசி வரியின் திருப்பத்துக்காகவே காத்திருப்பவை; திருப்பம் தெரிந்தபின் மறுமுறை படிக்க இழுப்பதில்லை. அவர் 2008-இல் மறைந்த பின்னர், அவர் நடையை மட்டும் கைக்கொண்டு அவர் படிப்பைக் கைக்கொள்ளாத கதைகளும் மலிந்தன. ஆங்கிலக் கலைச்சொற்களை அள்ளித் தூவினால் அறிவியல் ஆகிவிடாது.

வேறு வழி தேடியவர்களும் உளர். ஜெயமோகன் ‘விசும்பு’ தொகுதியில் சித்த மருத்துவம், இரசவாதம் போன்ற நம் மண்ணின் அறிவு மரபுகளிலிருந்து கேள்விகளை எழுப்புகிறார். கதைக்குள் விவாதம் சில இடங்களில் நீண்டுவிடுகிறது என்பது நம் எண்ணம். எனினும் இரவல் வாங்காத கேள்விகள் அவை. தமிழ்மகன் ‘ஆபரேஷன் நோவா’வில் மனித இனத்தை வேற்றுக்கோளுக்குக் கொண்டு செல்கிறார். குடிபெயர்ந்தவர்களாகிய நாம் அதை வேறு கண்ணோடு படிக்கிறோம். ஊரை விட்டுச் செல்பவன் எதை எடுத்துச் செல்வான், எதை விட்டுச் செல்வான் என்ற வினா, கோள் மாறினாலும் மாறுவதில்லை அன்றோ!

உப்பல் சாலையில் 1961-இல் தோன்றிய தேசிய புவி இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. 1977-இல் தோன்றிய செல், மூலக்கூறு உயிரியல் மையமும் இருக்கிறது. நிலத்தின் ஆழத்தையும் உயிரின் நுட்பத்தையும் அளக்கும் இடங்களைக் கடந்து நம் பிள்ளைகள் நாள்தோறும் செல்கின்றனர். மாலையில் ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் படிக்கின்றனர். அதைக் குறைகூற மாட்டோம். படிக்கும் பிள்ளை எதைப் படித்தாலும் நன்றே. ஆனால் எதிர்காலம் ஆங்கிலத்துக்கும் பழம்பெருமை தமிழுக்கும் என்று அவர்கள் மனத்தில் பங்கு பிரிந்துவிட்டால், தமிழ் அவர்களுக்குப் பாட்டியின் மொழியாக மட்டும் நின்றுவிடும்.

தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கு இரவில் பத்துப் பக்கம் நாம் வாசித்துக் காட்டலாம். மயிற்பொறியில் தொடங்கி ஜீனோவுக்கு வரலாம். விசயையின் கை ஏன் தளர்ந்தது என்று அப்பிள்ளை கேட்கும். ஜீனோவுக்கு உயிர் உண்டா என்றும் கேட்கும். விடை தெரியாவிடினும் தமிழிலேயே பேசிப் பார்ப்போம். அத்தகைய கேள்விகள் எழும் வீடுகளிலிருந்தே தமிழின் அடுத்த அறிவியல் கதை பிறக்கும்.