நீரின் ஆழமும் உஷ்ணமும்: தீராப்பிணியாளரின் தேகப்பயிற்சி குறித்து

தீராப்பிணியோடு வாழ்வோர் நீரில் இறங்கித் தேகப்பயிற்சி செய்யலாமா என்னும் கேள்விக்கு ஆம் என்றோ கூடாது என்றோ ஒரே சொல்லில் விடையிறுப்போர், நீர் எல்லாச் சரீரங்களிடத்தும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்று எண்ணிவிடுகின்றனர். எவ்வளவு ஆழம், எவ்வளவு உஷ்ணம் என்ற இரண்டும் நிச்சயமாகாத வரையில் அக்கேள்விக்குப் பொருளே இல்லை என்பது என் துணிபு.

இடுப்பளவு நீரில் நிற்பவரின் பாதங்கள் தாங்கும் பாரம் ஏறத்தாழப் பாதியாகவும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்காகவும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடுவதால், தரையில் நாலடி வைக்கவும் முழங்கால் இடங்கொடாத முடக்குவாத நோயாளி அங்கே அதிக வேதனையின்றி நடைபழக முடிகிறது. ஆயின், அதே கழுத்தளவு நீரின் அழுத்தம் சுமார் 700 மில்லிலிட்டர் இரத்தத்தைக் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மார்புக்குத் தள்ளுகிறது. திடமான இருதயம் இதனை ஏற்றுக்கொள்ளும், பலவீனமுற்ற இருதயமோ திணறிப்போகும்.

உஷ்ணத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. முடக்குவாதத்துக்கு இதமளிக்கும் 33 முதல் 36 டிகிரி சென்டிகிரேடு நீர், நரம்பிழைகளின் உறை சிதைவுறும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாளிக்கு ஆகாது. உடல் உஷ்ணம் அரை டிகிரி ஏறினாலும் அவருக்குப் பார்வை மங்கவும் கால்கள் துவளவும் கூடும். உடலைச் சூடேற்றும் உழைப்புக்குப் பின் இந்நோயாளரின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண்வைத்தியர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே குறித்துவைத்தார். நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, குறிகள் மிகுகின்றனவா என்று கண்டு நோயைத் தீர்மானிக்கும் வழக்கமும் பிற்காலத்தில் இருந்தது. இத்தகையோருக்கு 29 டிகிரிக்கு மேற்படாத நீரே உசிதம்.

நீரால் ஆவது எது, ஆகாதது எது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1921-இல் இளம்பிள்ளைவாதம் என்று நிர்ணயிக்கப்பட்ட நோயால் கால்களின் வலுவை இழந்த பின்னாளைய அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட், 1924-இல் ஜார்ஜியா மாகாணத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றை நாடிச் சென்று, ஏறக்குறைய 31 டிகிரியில் சுரக்கும் அந்நீரில் கால்களுக்கிடும் இரும்புச் சட்டங்களின் துணையின்றியே நடந்தார். 1926-இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கி, மறு ஆண்டில் அதனை ஒரு சிகிச்சை நிலையமாக ஸ்தாபித்தார். தரையிலோ அவர் இறுதிவரை துணையின்றி நடக்கவில்லை. ஆகவே நீர் தோற்றது என்பாருண்டு. ஆனால், அந்நோயில் அழிந்துபோன நரம்பணுக்களை எந்த நீரும் உயிர்ப்பிக்காது. எஞ்சிய தசைகளை வலுப்படுத்துவதும், அசைய முடியும் என்ற நம்பிக்கையைச் சரீரத்துக்கு மீட்டளிப்பதுமே அதனிடம் நாம் கேட்கத்தகும் பிரயோஜனம். அந்த ஊற்று வெள்ளையின நோயாளிகளுக்கே திறந்திருந்தது என்பதையும், கறுப்பினக் குழந்தைகளுக்கென அலபாமா மாகாணத்து டஸ்கீகீயில் தனி நிலையம் 1941-இல்தான் தோன்றியது என்பதையும் கூறாது அதன் புகழை மட்டும் எழுதுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

ஆழமும் உஷ்ணமும் பொருந்தினாலும், நீருக்குள் களைப்பு தெரிவதில்லை. கைப்பிடியைப் பற்றிக் குளத்தின் படிகளில் ஏறுகையில், ஒவ்வொரு படியிலும் உடலின் பாரம் திரும்பி வந்து, மூன்றாம் படியிலேயே முழங்கால்கள் நடுங்கத் தொடங்குகின்றன. ஆதலின், பயிற்சியளிப்போர் நோயாளி நீருக்குள் காட்டும் உற்சாகத்தை நம்பி நேரத்தை நீட்டாமல், அவர் படியேறும் விதத்தையும், மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழும் விதத்தையும் விசாரித்தறிந்தே அடுத்த முறைக்குரிய அளவை வகுத்தல் வேண்டும்.