வலிக்கு விலை யாது?

தொழிலாளத் தோழர்களே! கையிழந்தவனின் சம்பள நஷ்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். அவன் பட்ட வலியை எந்தப் படியால் அளப்பது?

1897இல் பிரிட்டனில் பிறந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கும் சுமையை நீக்கிற்று. அதனையொட்டிய 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அங்கங்களுக்கு அட்டவணையே வகுத்தது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் 70 சதவீதம், ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25. இவையாவும் சம்பாதிக்கும் சக்தியின் குறைவேயன்றி வேதனையின் மதிப்பல்ல. மலாயாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே சென்றது.

பின்னர் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் 'சொக்சோ' உதவி வந்தது. வழக்கில்லை, அலைச்சலில்லை, நன்மையே. ஆயினும் அதன் 31ஆம் பிரிவு, வேலையில் நேர்ந்த காயத்திற்காக முதலாளிமேல் வேறு நஷ்டஈடு கோருவதைப் பெரும்பாலும் தடுக்கின்றது.

பந்திங் சாலையில் அயலான் லாரி மோதிக் கால் முறிந்தாலோ, கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே வருமான நஷ்டத்திற்கு 1984இல் திருத்தப்பெற்ற சிவில் சட்டம் வயதை வைத்துச் சூத்திரம் வகுத்துள்ளது. வலிக்குச் சூத்திரமில்லை. காயத்தின் தன்மை, சிகிச்சைக் காலம், எஞ்சிய ஊனம் இவற்றை ஆராய்ந்து, முன் தீர்ப்புகளில் ஒத்த காயத்திற்கு அளித்த தொகையோடு ஒப்பிட்டே நீதிபதி தீர்மானிக்கிறார்.

செம்பனைக் குலை விழுந்து முறிந்த காலுக்கும் இதே வலிதானே! நிச்சயமான உதவிக்கு ஈடாக வலியின் விலை கைவிடப்பட்டது. அவ்வுடன்படிக்கை தொழிலாளியின் பெயரால் நடந்தது. அதனை அவனன்றோ முதலில் அறிய வேண்டும்? தலைவிதியென்று வாளாவிராது, ஆஸ்பத்திரிக் கடுதாசிகளைப் பத்திரப்படுத்துங்கள், உரிமையைக் கேட்டறியுங்கள்.