ரியோ வழக்கு: நம்ம பாட்டை நாமளே எடுத்துட்டுப் போகலாமா?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க காசு கொடுத்து ஒரு பாட்டு சிடி வாங்குறீங்க. அதுல இருக்குற பாட்டை உங்க கம்ப்யூட்டர்ல ஏத்துறீங்க. அங்கிருந்து ஒரு குட்டி பிளேயருக்கு மாத்தி, பாக்கெட்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறுறீங்க. இதுல ஏதாவது தப்பு இருக்கா?

இப்போ கேட்டா சிரிப்புதான் வரும். ஆனா 1998 அக்டோபர்ல அமெரிக்காவுல இந்தக் கேள்வி கோர்ட்டு வரைக்கும் போச்சு. வழக்கு போட்டது அந்த நாட்டு ஒலிப்பதிவுக் கம்பெனிகளோட சங்கம், சுருக்கமா ஆர்.ஐ.ஏ.ஏ. வழக்கு யார் மேலன்னா, சீட்டுக்கட்டு அளவு இருந்த ஒரு கருவியைச் செஞ்ச கம்பெனி மேல. அந்தக் கருவியோட பேரு ரியோ. இந்த எபிசோட் அந்த வழக்கைப் பத்தினது. நம்ம கையில இருக்குற பாட்டு உண்மையிலேயே நம்மளோடதான்னு கேட்டா, பதில் இங்கிருந்துதான் தொடங்குது.

அரை மணி நேரப் பாட்டு, 200 டாலர்

டயமண்ட் மல்டிமீடியாங்கிறது கலிஃபோர்னியாவுல சான் ஹோசே ஊர்ல இருந்த ஒரு கம்பெனி. கம்ப்யூட்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு, மோடம் எல்லாம் செஞ்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. 1998ல அவங்க ரியோ பி.எம்.பி. 300ன்னு ஒரு பிளேயரைக் கொண்டு வந்தாங்க. விலை 200 டாலர். உள்ள இருந்த நினைவகம் 32 எம்பி. டிவி ரிமோட்ல போடுவோமே பென்சில் பேட்டரி, அது ஒண்ணே ஒண்ணு போட்டா ஓடும். பிரிண்டரை மாட்டுற துளையில வயரைச் சொருகி, கம்ப்யூட்டர்ல இருந்து பாட்டை ஏத்தணும்.

இது உலகத்தோட முதல் எம்பி3 பிளேயர் கிடையாது. அதே வருஷம் சில மாசம் முன்னாடியே தென் கொரியாவோட சேஹான் கம்பெனி எம்பிமேன்னு ஒண்ணு கொண்டு வந்துட்டாங்க. அதுலயும் 32 எம்பிதான். ஆனா அமெரிக்காவுல சண்டையை இழுத்தது ரியோதான்.

32 எம்பின்னா எவ்வளவு? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிடில ஒரு செகண்டு ஒலியை 44,100 துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் 16 பிட்ல எழுதுறாங்க. இடது, வலதுன்னு ரெண்டு பக்கம். பெருக்கிப் பார்த்தா செகண்டுக்கு 14 லட்சம் பிட். நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி. அப்போ 32 எம்பில மூணு நிமிஷம்தான் வரும். நம்ம ஊரு சினிமாப் பாட்டு ஒண்ணுகூட முழுசா அடங்காது.

ஆனா ரியோல அரை மணி நேரம் அடங்குச்சு. அதுக்குக் காரணம் எம்பி3.

கெட்டிமேளக் கணக்கு

ஜெர்மனியில எர்லாங்கன்னு ஒரு ஊரு. அங்க டீட்டர் சைட்சர்னு ஒரு பேராசிரியர். டெலிபோன் கம்பி வழியா நல்ல தரத்துல இசையை அனுப்பணும்ங்கிறது அவரோட ஆசை. அவர்கிட்ட முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அந்த வேலை பின்னாடி ஃபிரௌன்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்தோட பெரிய திட்டமா வளர்ந்து, 1992ல உலகத் தரநிலைக்குள்ள இடம் பிடிச்சுது. ‘எம்பி3’ங்கிற கோப்புப் பேரை அவங்க முடிவு பண்ணது 1995 ஜூலைல.

இதோட அடிப்படை நமக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான். கல்யாண வீட்டுல தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுறது எதுக்கு? வேற எந்தச் சத்தமும் யார் காதுலயும் விழக்கூடாதுன்னுதான். பக்கத்துல ஒருத்தர் தும்மினாலும் அந்த நேரத்துல கேட்காது. ஒரு பெரிய சத்தம் இருக்கும்போது, அதை ஒட்டி வர்ற சின்னச் சத்தத்தை நம்ம காது கண்டுக்காது. எம்பி3 பண்றது இதைத்தான். காது எப்படியும் கவனிக்காத ஒலிக்கு இடம் ஒதுக்காம, மிச்சத்தை மட்டும் சிக்கனமா எழுதி வைக்குது. செகண்டுக்கு 14 லட்சம் பிட் தேவைப்பட்டது, 1,28,000 பிட்டாக் குறையுது. பதினொண்ணுல ஒரு பங்கு.

இதைச் சரியா பண்றது சுலபமா இல்ல. சூசன் வேகாங்கிற அமெரிக்கப் பாடகி, வாத்தியமே இல்லாம வெறும் குரல்ல பாடின ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை பிராண்டன்பர்க் சோதனைக்கு எடுத்தார். சுருக்கிக் கேட்டா கொடூரமா இருந்துச்சு. கூட்டமா வாத்தியம் இருந்தா பிசிறு ஒளிஞ்சுக்கும், தனிக் குரல்ல ஒளிய இடமே இல்ல. அந்தக் குரல் சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பத் திருத்தினாங்க.

பழைய பயம், பழைய சட்டம்

சரி, சின்னக் கருவி, அரை மணி நேரப் பாட்டு. இதுக்கு எதுக்கு வழக்கு?

அதுக்கு 1987க்குப் போகணும். அந்த வருஷம் ஜப்பான்ல டாட்னு ஒரு டிஜிட்டல் கேசட் வந்துச்சு. சாதாரண கேசட்டைப் பிரதி எடுத்தா ஒவ்வொரு தடவையும் தரம் குறையும், இரைச்சல் ஏறும். நம்ம ஊர்ல கடையில பாட்டு ரெக்கார்டு பண்ணி வாங்கினவங்களுக்கு இது தெரியும். டிஜிட்டல் கேசட்ல அந்தப் பிரச்சினை கிடையாது. நூறாவது பிரதியும் முதல் பிரதி மாதிரியே இருக்கும். கம்பெனிகள் பயந்தது இதுக்குத்தான்.

பல வருஷ இழுபறிக்குப் பிறகு 1992ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துச்சு. டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி எதுவா இருந்தாலும், பிரதிக்குப் பிரதி எடுக்க விடாத ஒரு பூட்டு அதுல இருக்கணும். கருவியோட விலையில 2 சதவீதம் ராயல்டியாக் கட்டணும். அதுக்குப் பதிலா, வீட்டுல சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ற ஜனங்க மேல யாரும் வழக்கு போட முடியாது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுத்த ஒப்பந்தம்.

ரியோ மேல வந்த குற்றச்சாட்டு இதுதான்: இதுவும் டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி. பூட்டும் இல்ல, ராயல்டியும் கட்டல. அதனால விக்கக் கூடாது.

கம்பெனிகளோட கவலையைச் சும்மா தள்ளிவிட முடியாது. அப்போ இணையத்துல கிடைச்ச எம்பி3 கோப்புகள்ல கணிசமானது திருட்டுப் பிரதி. கொஞ்ச நாள்ல சென்னை பர்மா பஜார்லயும் அது வந்துச்சு. ஒரே எம்பி3 சிடில நூத்துக்கு மேல பாட்டு, எல்லாம் இளையராஜா, எல்லாம் ரஹ்மான்னு. அதுல பாடினவங்களுக்கோ, வாசிச்சவங்களுக்கோ ஒரு பைசா போகல. கேள்வி என்னன்னா, அந்தத் திருட்டுக்குக் கருவியைத் தண்டிக்கலாமா?

நீதிபதிகள் சொன்னது

மாவட்ட நீதிமன்றத்துல நீதிபதி ஆட்ரி காலின்ஸ், வழக்கு முடியுற வரைக்கும் ரியோவைத் தடுத்து வைக்க மறுத்துட்டாங்க. சங்கம் மேல்முறையீட்டுக்குப் போச்சு. 1999 ஜூன் 15ஆம் தேதி ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. ஜெயிச்சது டயமண்ட்.

காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. 1992 சட்டம் பேசுறது, இசைத்தட்டுல இருந்து பிரதி எடுக்குற கருவியைப் பத்தி. ரியோவுக்கு சிடியை வாசிக்கவே தெரியாது. அது பாட்டை வாங்குறது கம்ப்யூட்டரோட ஹார்டு டிஸ்க்ல இருந்து மட்டும்தான். ஹார்டு டிஸ்க்ல பாட்டு மட்டுமா இருக்கு? மென்பொருள் எல்லாம் இருக்கு. அந்தச் சட்டத்தோட வரையறைப்படி அது இசைப்பதிவே கிடையாது. ஆக, ரியோ சட்டத்துக்குள்ளயே வரல.

கம்ப்யூட்டரைச் சட்டத்துக்கு வெளிய வெச்சது பாராளுமன்றம் தெரிஞ்சே பண்ணதுதான். அந்த ஓட்டை வழியாத்தான் ரியோ வெளிய வந்துச்சு. ஆனா நீதிமன்றம் அதோட நிறுத்தல. ஏற்கனவே உங்க ஹார்டு டிஸ்க்ல இருக்குற பாட்டை, எடுத்துட்டுப் போற மாதிரி மாத்திக்கிறது, அதாவது ஓரிடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்துறது, லாப நோக்கம் இல்லாத தனிப்பட்ட உபயோகம், சட்டத்தோட நோக்கத்துக்கு முழுசா ஒத்துப்போறதுன்னு சொன்னாங்க. இதுக்கு முன்னுதாரணம் 1984ல வந்த வீடியோ கேசட் வழக்கு. டிவி நிகழ்ச்சியைப் பதிவு பண்ணி அப்புறமா பார்த்தா அது நேரத்தை மாத்துறது. ரியோ பண்றது இடத்தை மாத்துறது. அவ்வளவுதான்.

இதோட பலன் உடனே தெரியல. ஆனா யோசிச்சுப் பாருங்க. 2001 அக்டோபர் 23ஆம் தேதி ஆப்பிள் 399 டாலருக்கு ஐபாடைக் காட்டுது. உள்ள தோஷிபாவோட குட்டி ஹார்டு டிஸ்க், 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. அதுவும் பாட்டை வாங்குறது கம்ப்யூட்டர்ல இருந்துதான். ரியோ தோத்திருந்தா, அப்படி ஒரு பொருளை விக்கிறதுக்கு முன்னாடி பூட்டு, ராயல்டி, வழக்குன்னு ஒரு வரிசையே காத்திருந்திருக்கும்.

ஜெயிச்ச பிறகு வந்த பூட்டு

கோர்ட்ல கிடைக்காத பூட்டு, கடை வழியா வந்துச்சு. 2003 ஏப்ரல்ல ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்துச்சு. ஒரு பாட்டு 99 சென்ட். ஆனா வாங்கின பாட்டுக்குள்ள ஒரு பூட்டு. எடுத்துட்டுப் போற பிளேயர்னா, ஐபாட்ல மட்டும்தான் அது பாடும்னு வெச்சுக்கலாம். மைக்ரோசாஃப்ட் இன்னொரு பூட்டைக் கொண்டு வந்து, ‘கண்டிப்பா பாடும்’ங்கிற அர்த்தத்துல பேரும் வெச்சாங்க. 2006ல அவங்களே ஸூன்னு ஒரு பிளேயரை வித்தாங்க. அந்தப் பூட்டு போட்ட பாட்டு, அவங்களோட ஸூன்லயே பாடல!

2008ல யாஹூ தன்னோட பாட்டுக் கடையை மூடப் போறதா அறிவிச்சுது. கடையோட சேர்த்து, பூட்டுக்குச் சாவி கொடுக்குற சர்வரும் நிக்கும். அதாவது புதுக் கம்ப்யூட்டர் வாங்கினா, காசு கொடுத்து வாங்கின பாட்டு அதுல திறக்காது. எதிர்ப்பு கிளம்பின பிறகு பணத்தைத் திருப்பித் தர்றோம், இல்ல கூப்பன் தர்றோம்னு சொன்னாங்க. 2009ல ஐடியூன்ஸும் தன்னோட பாட்டுகள்ல இருந்து பூட்டை எடுத்துடுச்சு.

மத்த நாடுகள்ல என்ன நிலைமை? பிரிட்டன்ல சொந்தக் காசுல வாங்கின சிடியை ஐபாட்ல ஏத்துறது ரொம்ப வருஷம் சட்டப்படி மீறல்தான். எல்லாரும் பண்ணாங்க, ஆனா அனுமதி இல்ல. 2014 அக்டோபர்ல அனுமதி வந்துச்சு. இசைக்காரங்களுக்கு இழப்பீடு விஷயத்துல அரசாங்கம் சரியான ஆதாரம் காட்டலைன்னு, 2015 ஜூலைல உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அனுமதி பத்து மாசம்கூட நீடிக்கல.

இந்தியாவுல காப்புரிமைச் சட்டத்தோட 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு நியாயமாப் பயன்படுத்திக்கலாம்னு ஒரு விலக்கு கொடுக்குது. ஆனா 2012 திருத்தம் வர்ற வரைக்கும் அந்தப் பட்டியல்ல ஒலிப்பதிவு கிடையாது. நம்ம ஊரு இளசுங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல பிளேயர் வாங்கி, சிடியில இருந்து பாட்டு ஏத்திக்கிட்டு இருந்த காலத்துல, ரியோ மாதிரி ஒரு வழக்கு இங்க வந்திருந்தா முடிவு வேற மாதிரியும் போயிருக்கலாம்.

இப்போ யாரோட பாட்டு?

2017 ஏப்ரல்ல எம்பி3க்கான உரிமத் திட்டத்தை ஃபிரௌன்ஹோஃபர் முடிச்சுக்கிட்டாங்க, காப்புரிமைக் காலம் தீர்ந்துடுச்சு. 2022 மே மாசம் ஆப்பிள் கடைசி ஐபாடையும் நிறுத்திடுச்சு. வேடிக்கை என்னன்னா, பழைய எச்.எம்.வி. கம்பெனியான சரிகம, 2017லதான் காரவானைக் கொண்டு வந்தாங்க. 5,000 பாட்டை உள்ளயே வெச்சு வித்த பெட்டி. தாத்தா, பாட்டிக்கு வாங்கிக் கொடுத்த வீடு எத்தனையோ. இணையம் வேண்டாம், லாகின் வேண்டாம். பட்டனை அழுத்தினா பாட்டு.

நம்ம கையில இருக்குறது அப்படி இல்ல. ஸ்ட்ரீமிங்ல கோடிக்கணக்கான பாட்டு இருக்கு, வசதி, விலையும் குறைவு, சட்டப்படியும் சரி. பர்மா பஜார் சிடியைவிட இசைக்காரங்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா ‘டவுன்லோடு’ன்னு நாம சொல்றது அந்த ஆப்புக்குள்ளதான் பாடும். 2024ல ஏர்டெல் தன்னோட விங்க் மியூசிக்கை மூடினப்போ, ரியோ தீர்ப்பை எடுத்துட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஏன்னா அந்தத் தீர்ப்பு காப்பாத்துறது, ஏற்கனவே உங்ககிட்ட இருக்குற பாட்டை நகர்த்துற உரிமையை. உங்ககிட்ட எதுவுமே இல்லைன்னா, நகர்த்த என்ன இருக்கு?

ஸ்ட்ரீமிங்கை விட்டுடுங்கன்னு நான் சொல்லல. ஆனா உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச, எந்தக் காலத்துலயும் விடக்கூடாதுன்னு நினைக்குற ஒரு முப்பது பாட்டு இருக்கும். அதை மட்டும் பூட்டு இல்லாத கோப்பாக் காசு கொடுத்து வாங்கி வெச்சுக்கோங்க, இல்ல சிடியா வாங்கி ஏத்திக்கோங்க. முப்பது பாட்டுக்குப் பெருசா இடம் ஆகாது. இன்னைக்கு இருக்குற மெமரி கார்டுல அது ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது.

உங்க வீட்டு மேசை டிராயர்ல பழைய எம்பி3 பிளேயர் ஏதாவது இருந்தா, அதுல என்னென்ன பாட்டு இருக்குன்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.