ஊர்க்காவல் படை, நீலகிரி

சொந்தத் தொழிலைச் செய்துகொண்டே, அழைப்பு வரும்போது காக்கி உடுத்திக் காவல் துறைக்குத் துணைநிற்கும் குடிமக்கள் அமைப்பு ஊர்க்காவல் படை. நீலகிரியில் இது மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் மேற்பார்வையில் இயங்குகிறது.

வெள்ளையர் மலையேறுவதற்கு முன்பே இங்கே ஊர்க்காவல் உண்டு. மலையின் உழவர்களான படகரின் ஊர்கள் குறும்பர் பழங்குடியினர் ஒருவரைக் காவலராக அமர்த்தி, விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாக அளந்தன. அவர் காக்க வேண்டியது செய்வினையிலிருந்தும்தான். அதே செய்வினைப் பழி குறும்பர் தலையிலேயே விழுந்ததும் உண்டு. 1835இல் மட்டும் 48 குறும்பர் கொல்லப்பட்டதாக ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் சொல்கின்றன.

காப்பியும் தேயிலையும் சின்கோனாவும் மலையை நிறைத்த பிறகு காவலின் முகம் மாறியது. 1878இல் தொடங்கப்பட்ட நீலகிரித் தொண்டர் துப்பாக்கிப் படையில் தோட்டத் துரைமாரும் ஊட்டி, குன்னூர் வெள்ளையரும் சேர்ந்தனர். 1857 கிளர்ச்சி விட்டுச்சென்ற அச்சம் இத்தகைய படைகளுக்கு அடிப்படை. 1920க்குப் பின் நீலகிரிப் படை, நீலகிரி மலபார்ப் படைப்பிரிவு என்ற பெயரில் இந்தியத் துணைப்படையின் பகுதியாயிற்று. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமே அதில் இடம். கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. கலவரம் என்று வந்தால் துப்பாக்கி திரும்பக்கூடிய திசையில் இருந்தவர்கள் அவர்களே. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையும் இதே வார்ப்புதான். விடுதலையோடு நீலகிரிப் படை கலைந்தது.

இன்றைய ஊர்க்காவல் படையின் வேர் பம்பாயில் இருக்கிறது. வகுப்புக் கலவரத்தின் நடுவே 1946 டிசம்பர் 6 அன்று அங்கே முதல் ஊர்க்காவல் படை உருவானது. ஆண்டுதோறும் கொண்டாடப்படும் நிறுவன நாளும் அதுவே. 1962 சீனப் போருக்குப் பின், ஒரே அமைப்பில் இத்தகைய படைகளை நடத்தும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சென்னை மாநிலம் 1963இல் தனிச் சட்டம் இயற்றியது. பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் ஊர்க்காவலருக்குக் காவலருக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு.

மலையில் இவர்களை அதிகம் பார்க்கக்கூடிய காலம் சீசன். 1896 முதல் நடந்துவரும் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி என மே மாதம் முழுக்கக் கூட்டம். குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற ஒருவழி ஏற்பாடும் அப்போதுதான் வரும். முன்பின் மலைச்சாலை பழகாத ஓட்டுநரை வளைவில் நிறுத்தித் திருப்பிவிடுவது, ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பின் நெரிசலில் விசில் ஊதுவது, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வாசலில் நிற்பது: வேலை பெரும்பாலும் இவ்வளவே. மழைக்காலம் வேறு. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவு போன்ற நேரங்களில், எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) எந்தச் சரிவில் இருக்கிறது என்று அறிந்த உள்ளூர் ஆள் வெளியூர்க் காவலரைவிடப் பயன்படுவார்.

காவலர் நண்பர்கள் குழுவோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். அது 1993இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப் தொடங்கியது; ஊர்க்காவல் படையைப் போலன்றி, அது தனிச் சட்டத்தால் உருவானதன்று. 2020 ஜூனில் நிகழ்ந்த சாத்தான்குளம் காவல் மரணங்களை ஒட்டி அக்குழு மீது குற்றச்சாட்டு எழுந்தது. அதன் தரப்பு மறுத்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது.

ஊர்க்காவலரின் தீராத குறை ஊதியம். காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக நாள்படி தர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் நாள்படி 560 ரூபாயாக உயர்ந்தது; ஆனால் பணி மாதத்துக்கு ஐந்து நாளாகச் சுருக்கப்பட்டது. கையில் வந்தது 2,800 ரூபாய். தீர்ப்பின் எழுத்தைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைக் கைவிட்ட ஏற்பாடு இது.