தப்பே வராத கட்டம்

'வள்ளி முருகனைப் பார்த்தாள்.' திருவேங்கடம் கடைத்தெருவில் இதை எப்படி மாத்திச் சொன்னாலும் பார்த்தது வள்ளிதான். 'ஐ' உருபு காப்பாத்திடும். இங்கிலீஷில் பெயர்கள் இடம் மாறினால் பார்த்த ஆளே மாறிடும்.

1950களில் சென்னை மாநிலத்துக்கு வந்த புதிய ஆங்கிலப் பாடத்திட்டம் இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டது. கரும்பலகையில் கட்டம் போட்டு எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று பிரிப்பார்கள். கட்டத்துக்கு ஒரு சொல் எடுத்தால் வாக்கியம் ரெடி. இப்படிக் கற்பிக்க 27,000 ஆசிரியர்களைத் தயார் செய்யும் முயற்சிக்குப் பெயர் 'மெட்ராஸ் ஸ்நோபால்'. பனியே விழாத ஊரில் பனிப்பந்து!

தப்பே வராததுதான் அதன் கோளாறு. அர்த்தம் புரியாமலே சரியாச் சொல்லிடலாம். வகுப்பைத் தாண்டினால் வாய் திறக்காது. 1979இல் என்.எஸ். பிரபு தொடங்கிய பெங்களூரு திட்டம் கட்டத்தை அழித்துவிட்டு, பிள்ளைகள் கையில் ரயில் அட்டவணையைக் கொடுத்தது. கணக்கில் மூழ்கினால் இலக்கணம் தானாக வரும் என்று நம்பினார்.