வெளியே இந்தியா, உள்ளே ஐரோப்பா: செசின்கோட் மாளிகை

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில், பசும்புல் குன்றுகளுக்கு நடுவே ஒரு முகலாய மாளிகை நிற்கிறது. பெயர் செசின்கோட். செம்புத் தகடு வேய்ந்து பச்சை பூத்த வெங்காயக் குவிமாடம், மயில்தோகை போல் விரியும் சாளர வளைவுகள், கூரை மூலைகளில் சத்ரி எனப்படும் குடை மண்டபங்கள். வடநாட்டில் குடியிருக்கும் நமக்கு இதெல்லாம் பழகிப்போன காட்சிதான். ஆனால் வெயிலுக்கே பஞ்சமான ஊரில் அவ்வளவு அகலமான சஜ்ஜா எதுக்கு?

விடை கல்கத்தாவில் இருக்கிறது. சார்லஸ் காக்கரெல் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பியவர். இப்படித் திரும்பியவர்களை 'நபாப்' என்று அங்குள்ளோர் கிண்டல் செய்வார்கள். சகோதரர் ஜான் 1795இல் வாங்கிய இந்தப் பண்ணை, 1798இல் அவர் மறைந்தபின் சார்லஸ் வசமாயிற்று. 1805 வாக்கில் மாளிகைக்கு வரைபடம் போட்டவர் இன்னொரு சகோதரர் சாமுவேல். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை!

கைகொடுத்தவர் ஓவியர் தாமஸ் டேனியல். சகோதரர் மகன் வில்லியமுடன் 1786 முதல் 1793 வரை இந்தியாவைச் சுற்றி, தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும்கூட வரைந்தவர். செசின்கோட் தோட்டத்தில் சூரியன் கோயிலும், நந்திகள் அமர்ந்த பாலமும் அவர் யோசனையில் எழுந்தவை. ஆக, முகலாயப் பாணி மாளிகைக்கு, கோயில் பாணி தோட்டத்துக்கு. உள்ளே போனாலோ இந்தியாவின் சுவடே கிடையாது. எல்லாம் கிரேக்க, ரோமானியச் சாயல் கொண்ட ஐரோப்பிய அறைகள். நம் கட்டடக்கலை அங்கே வெறும் மேலாடை.

1807இல் இளவரசர் ஜார்ஜ் இங்கு வந்து பார்த்துச் சொக்கிப்போனார். பிறகு பிரைட்டன் நகரில் ஜான் நாஷைக் கொண்டு (1815-1822) தம் அரண்மனையைக் குவிமாடங்களால் நிரப்பினார். முதல் உலகப்போரில், 1914 இறுதி முதல் 1916 தொடக்கம் வரை, அந்த அரண்மனையே காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனை ஆனது.

பிரைட்டனில் உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர் 53 பேரை ஊருக்கு வெளியே ஒரு குன்றில் தகனம் செய்தார்கள். அங்கே 1921இல் வெண்பளிங்கில் ஒரு சத்ரி எழுந்தது. அதை வடிவமைத்தவரும் ஓர் இந்தியர். ராஜபுதனத்தில் சத்ரி என்றாலே மாண்டவர் நினைவிடம். செசின்கோட் கூரையில் அலங்காரமாக உட்கார்ந்த அந்தக் குடை, ஒரு நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்து மண்ணிலேயே தன் பழைய பொருளைத் திரும்பப் பெற்றது.