பியானோவிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு: பிராம்ஸ் இசைத்தட்டுகளும் வல்லம் வடகால் ஆலையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் ஹூண்டாய், ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வண்டி செய்யும் பெயர்கள் பல. அவற்றுள் இசைக்கருவியின் வயிற்றில் பிறந்த பெயர் ஒன்றே: வல்லம் வடகால் சிப்காட்டில் 2015-ல் உற்பத்தியைத் தொடங்கிய யமஹா. அதன் முத்திரையில் இருப்பவை மூன்று இசைக்கவைகள். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டோமே, அதே கவைதான்.

பியானோ செய்தவர்கள் எப்படி மோட்டார் சைக்கிளுக்கு வந்தார்கள் என்று கேட்டால், பியானோவின் இரும்புச் சட்டத்தை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு எஞ்சின் வார்ப்பது எளிது என்ற பதில் வருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காலவரிசை வேறு கதை சொல்கிறது. மோட்டார் சைக்கிள் வந்தபோது யமஹாவின் கச்சேரி பியானோ உலக மேடையை இன்னும் எட்டவே இல்லை. அந்தப் பியானோ எப்போது எட்டியது என்பதை அறிய ஆலைக் கணக்கைவிட இசைத்தட்டுகளே நல்ல சான்று. அதற்கு ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸின் பியானோ இசை ஏற்ற அளவுகோல்.

பிராம்ஸ் 1890-ல் இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்தவர். முடிவு நிலைக்கவில்லை. 1892, 1893 கோடைகளில் ஆஸ்திரியாவின் இஷ்ல் ஊரில் தங்கி, ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 116 முதல் 119 வரை நான்கு தொகுதிகளில் இருபது சிறு பியானோ படைப்புகளை முடித்தார். பெரும்பாலானவை ஐந்தாறு நிமிடங்களுக்குள் அடங்குபவை. ஆரவாரம் குறைவு, நடு விரல்களுக்குள் ஒளிந்துகொண்ட உள்குரல்கள் அதிகம். இவற்றுக்குப் பியானோவின் உரத்த ஒலி பெரிதாக உதவாது. மெல்ல அழுத்தும்போது ஒவ்வொரு கட்டையும் எப்படிப் பதில் தருகிறது என்பதே முக்கியம்.

பிராம்ஸின் சொந்த வாசிப்பு ஒலிப்பதிவில் உண்டு. எடிசனின் ஆள் தியோ வாங்கெமான் 1889 டிசம்பரில் வியன்னாவில் மெழுகு உருளையில் பதிந்தது அது. இரைச்சலுக்கு நடுவே ஹங்கேரிய நடனம் ஒன்றின் சாயல் கேட்கும். பிற்காலப் படைப்புகள் அப்போது எழுதப்படவே இல்லை. அவற்றைப் பிராம்ஸே வாசித்துக் கேட்டவரும், 1894-ல் லண்டனில் ஓபஸ் 118, 119 இரண்டையும் அரங்கேற்றியவருமான இலோனா ஐபென்ஷூட்ஸ் 1903-ல் அவற்றுள் ஜி மைனர் பாலாட்டை இசைத்தட்டில் பதிந்தார். தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் படைப்பு அது. இந்த இசை இசைத்தட்டின் அளவுக்கே செய்தது போல இருந்ததும் அது பரவ ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதே ஆண்டுகளில் ஜப்பானின் ஹமாமட்சு ஊரில் நடந்தது வேறு. கடிகாரமும் மருத்துவக் கருவிகளும் பழுதுபார்த்துவந்த தொராகுசு யமஹாவை 1887-ல் உள்ளூர்ப் பள்ளி ஒன்று அழைத்தது. காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் ரீட் ஆர்கன் பழுதாகிக் கிடந்தது. திறந்து பார்த்தவர் தாமே ஒன்று செய்தார். அதைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து, கூட்டாளி கவாய் கிசபுரோவுடன் ஹக்கோனே மலையைக் கடந்து தோக்கியோவின் இசைக் கல்விக் கழகத்துக்குக் கொண்டுபோனார். வடிவம் சரி, சுருதி சரியில்லை என்றார்கள். அங்கேயே ஒரு மாதம் தங்கிச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். பின்னாளில் இசைக்கவை முத்திரையானதன் வேர் இந்தத் தோல்வியில்தான் இருக்கிறது என்று வாசிக்கலாம். 1897 ஏப்ரலில் பிராம்ஸ் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நிப்பான் கக்கி என்ற பெயரில் யமஹாவின் நிறுவனம் பதிவானது. 1900-ல் அப்ரைட் பியானோவும் 1902-ல் கிராண்ட் பியானோவும் வந்தன.

இனி வருவதுதான் கதையின் திருப்பம். மரத்தைப் பதப்படுத்தவும் இழைக்கவும் ஒட்டவும் தெரிந்த அந்த ஆலையிடம் ராணுவம் வந்து விமானச் சுழலி கேட்டது. 1921-ல் மரச் சுழலி, பிறகு உலோகச் சுழலி. போர் முடிந்தபோது சுழலி செய்த கடைசல் இயந்திரங்கள் வேலையின்றி நின்றன. 1950-ல் தலைவரான கெனிச்சி கவாகாமி அவற்றுக்கு வேலை தேடினார். ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியைப் பின்பற்றிய 125 சிசி ஒய்ஏ-1 அப்படி உருவானது. 1955 ஜூலையில் யமஹா மோட்டார் தனி நிறுவனமானது. ஆக, பியானோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் நிற்பது போர்விமானம். வார்ப்பிரும்புச் சட்டத்தின் கதை இந்தக் கசப்பான இடைக்கட்டத்தை நாசூக்காக மறைத்துவிடுகிறது. பிரிந்த இரு நிறுவனங்களும் முத்திரையைப் பங்கிட்டுக்கொண்டன: மோட்டார் முத்திரையில் கவைகளின் முனைகள் வட்டத்தைத் தொடும், இசைக்கருவி முத்திரையில் வட்டத்துக்குள் அடங்கும்.

பியானோ மேடையேறியது அதற்கும் பின்னரே. பியானோ கலைஞர் மிகெலாஞ்சலிக்குப் பியானோ பார்த்துக்கொடுத்த இத்தாலியர் சேசரே அகுஸ்தோ தல்லோனேயின் ஆலோசனையோடு 1967-ல் சிஎஃப் என்ற கச்சேரி கிராண்ட் வெளியானது. இரண்டே ஆண்டுகளில் பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் அதற்கு மாறினார். வாழ்நாளின் இறுதிவரை பெரும்பாலும் அதிலேயே வாசித்தார். ஒலி கிட்டத்தட்ட இல்லாமல் போகும் அளவுக்கு மென்மையாக வாசித்தாலும் அந்தக் கருவி கைவிடவில்லை என்பது அவர் தரப்பு. பிற்காலப் பிராம்ஸ் கேட்பதும் இதையே.

இன்னொரு பியானோ கலைஞர் கிளென் கூல்டின் வழி இன்னும் விசித்திரம். 1960-ல், இருபத்தெட்டு வயதில், பிராம்ஸின் பத்து இன்டர்மெட்ஸோக்களைப் பதிந்தார். ஓபஸ் 76-இன் இரண்டு தவிர மற்றவை எல்லாம் கடைசித் தொகுதிகளைச் சேர்ந்தவை. பின்னர் அவருக்கு உயிராகிப்போன ஸ்டைன்வே ஒன்று 1971-ல் போக்குவரத்தின்போது கீழே விழுந்து சேதமடைந்தது. பல ஆண்டு பழுதுபார்த்தும் அவர் மனம் நிறையவில்லை. 1981-ல் நியூயார்க்கில் ஒரு யமஹாவைத் தேர்ந்தெடுத்து, கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை மறுபடி அதில் பதிந்தார். 1982-ல் யமஹாவில் மீண்டும் பிராம்ஸ். இம்முறை எடுத்தது ஓபஸ் 79 ராப்சடிகளையும், பிராம்ஸ் இருபத்தொரு வயதில் எழுதிய ஓபஸ் 10 பாலாட்களையும். அந்த அக்டோபரில் கூல்ட் இறந்தார். முதியவரின் இசையை இளைஞராகவும், இளைஞரின் இசையை இறுதி ஆண்டிலும் வாசித்திருக்கிறார். இரண்டில் எது முதிர்ந்த வாசிப்பு என்று என்னைக் கேட்டால் 1960-ஐத்தான் சொல்வேன். கருவியின் நேர்த்தி வாசிப்பின் ஆழத்தைக் கூட்டிவிடுவதில்லை.

இந்தியாவுக்கு முதலில் வந்தது மோட்டார் கிளை. எஸ்கார்ட்ஸ் கூட்டில் 1985-ல் வெளிவந்த ஆர்எக்ஸ் 100 நம் ஊர் இளைஞர்களிடம் பெற்ற புகழில் பாதி அதன் சைலன்சர் சத்தத்துக்கு உரியது. இசைக்கருவி நிறுவனத்தின் வாரிசுக்கு அது பொருத்தமே. வடக்கே சூரஜ்பூரில் ஆலை வைத்திருந்த நிறுவனம், உதிரிபாக ஆலைகளும் துறைமுகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வல்லம் வடகாலுக்குப் பின்னர் வந்தது. இசைக்கருவிக் கிளை 2019-ல் திருப்போரூர்ப் பக்கத்து ஒன்ஹப் தொழிற்பூங்காவில் கீபோர்டு, கிதார், ஒலிபெருக்கி செய்யத் தொடங்கியது. ஜப்பானில் 1955-ல் பிரிந்த இரு கிளைகளும் இங்கே செங்கல்பட்டு வழியாக ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. ஆனால் ஹமாமட்சுவில் ஒரு தொழில் இன்னொன்றை ஈன்றது போன்ற உறவு இங்கே இவற்றுக்கு இல்லை. ஒவ்வொன்றும் முடிந்த வடிவமாகவே வந்து இறங்கியது. நம் தொழில் வட்டாரத்தின் பொது இயல்பும் இதுவே என்று கருதுகிறேன்.

சென்னைக்குப் பியானோ புதிதல்ல. மியூசி மியூசிக்கலின் முன்னோடியான மிஸ்கித் கடை 1842-லேயே இங்கே ஆர்கனும் பியானோவும் பழுதுபார்த்தது. திருப்போரூர் ஆலையின் உற்பத்திப் பட்டியலில் பியானோ இல்லை. ஓபஸ் 118-ஐ யமஹா கச்சேரி கிராண்டில் பதிய விரும்பும் சென்னைக் கலைஞருக்கு அந்தக் கருவி இன்றும் ஜப்பானின் ககேகாவா ஆலையிலிருந்துதான் கப்பலேறி வரவேண்டும்.